ஐந்து பழைய அமெரிக்கச் செப்புக் காசுகள்: ஏலத்தில் எடுத்ததும் தரம் பிரித்ததும்

ஏலப் பட்டியலில் அந்த லாட்டுக்கு, அதாவது ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடும் தொகுதிக்கு, ஒரே வரிதான்: "லார்ஜ் சென்ட், 5 காசுகள், 1799(?), 1801, 1802, 1807, 1814, உள்ளது உள்ளபடி." கூடவே ஒரு படம். ஐந்தையும் கறுப்புத் துணியில் பரப்பி மேலிருந்து பிளாஷ் போட்டு எடுத்திருந்தார்கள். அதில் தேதியைப் படிக்கலாம், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. பென்சில்வேனியாவில் நான் இருக்கும் ஊரிலிருந்து காரில் போய் வரக்கூடிய தூரத்தில் உள்ள இடம். பழைய மரச்சாமான், கண்ணாடிப் பாத்திரம், வேட்டைத் துப்பாக்கி எல்லாம் ஏலம் விடுவார்கள். காசு அவர்களுக்கு ஒரு ஓரத்துச் சரக்கு. பார்வைக்கு வைக்கும் நாளில் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் விலை கேட்பது என்று வைத்துக்கொண்டேன். பழைய செம்பைப் படம் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இந்தக் காசைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. லார்ஜ் சென்ட் என்பது பிலடெல்பியா நாணயச்சாலை 1793 முதல் 1857 வரை அடித்த செப்புக் காசு. வெள்ளிப் பூச்சோ வேறு உலோகக் கலப்போ இல்லாத செம்பு. குறுக்களவு 28, 29 மில்லிமீட்டர் வரும். தொடக்கத்தில் எடை 208 கிரெயின், அதாவது 13.48 கிராம். செம்பு விலை ஏறியதால் 1795 கடைசியில் 168 கிரெயினாக, 10.89 கிராமாகக் குறைத்துவிட்டார்கள். 1815 தேதியிட்ட காசு மட்டும் கிடையாது. அச்சடிப்பதற்கு முந்தைய வெற்றுச் செப்பு வில்லைகள் பெருமளவு இங்கிலாந்திலிருந்துதான் மரப்பீப்பாய்களில் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. 1812இல் பிரிட்டனோடு போர் தொடங்கியதும் வரத்து நின்றுபோனது.

அந்த வில்லைகளில் பெரும்பங்கு பர்மிங்காம் பக்கத்துச் சோஹோவில் மேத்யூ போல்டன் நடத்திய ஆலையிலிருந்து வந்தது. எனக்கு இந்தக் காசுகள் மேல் கண் விழுந்ததே அதனால்தான். கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் ராஜதானிக்காக 1803லும் 1808லும் வெளியிட்ட 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்களை அடித்ததும் அதே சோஹோ ஆலை. 1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. பிற்காலத்தில் அள்ளியெடுத்த அந்தக் காசுகள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன. அவற்றைச் சேர்க்கப் போனவன், போல்டன் யார் என்று தேடி, பிலடெல்பியா வழியாக லார்ஜ் சென்டில் வந்து விழுந்தேன்.

1793 முதல் 1814 வரையானவற்றைச் சேகரிப்பாளர்கள் தனிக் கூட்டமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அச்சு என்பது கைவேலை. எஃகுத் துண்டில் தலையைப் பதித்துவிட்டு எழுத்து, எண், இலை எல்லாவற்றையும் தனித்தனி உளியால் ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்தார்கள். ஒரு 'ஈ' கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒரு 'ஓ' மேலே ஏறியிருக்கும். ஆகவே ஓர் அச்சு மற்றதைப் போல இருக்காது. தலைப் பக்க அச்சும் பூப் பக்க அச்சும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடிக்கும் வில்லியம் ஷெல்டன் 1949இல் ஓர் எண் கொடுத்தார். எஸ்-1 முதல் எஸ்-295 வரை போகும் அந்த வரிசையைத்தான் இன்றும் எல்லாரும் சொல்கிறார்கள். ஷெல்டனுக்கு முன்னும் ஆட்கள் இருந்தார்கள். 1869இல் எட்வர்ட் மாரிஸ் என்ற மருத்துவர் 1794ஆம் ஆண்டுக் காசுகளில் உள்ள தலைகளுக்கெல்லாம் 'ஆப்பிள் கன்னம்', 'இரட்டைத் தாடை' என்று பட்டப்பெயர் வைத்தார். எண்ணைவிட அந்தப் பெயர்கள்தான் மனதில் நிற்கின்றன.

பார்வை மேசைக்கு நான் எடுத்துப்போனவை: 7 மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி), ஒரு சின்ன மேசை விளக்கு, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, கீழே விரிக்கத் தடித்த துணி. 10 மடங்கு லூப் வேண்டாம் என்பது என் கட்சி. அதில் பார்த்தால் எல்லாக் காசும் பள்ளமும் மேடுமாகத்தான் தெரியும், ஒன்றையும் வாங்கத் தோன்றாது. விளக்கு முக்கியம். கூடத்துக் குழல்விளக்கு நாலா பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் பரப்பி கீறலையும் சொரசொரப்பையும் மறைத்துவிடும். ஒரே திசையிலிருந்து விழும் வெளிச்சத்தில் காசை மெல்லச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பினால்தான் அடையாளங்கள் எழுந்து வரும்.

அங்கிருந்த இன்னொருவர் கையில் எடுத்ததுமே "இது ஃபைன், இது வெரி குட்" என்று தரம் சொல்லிக்கொண்டு போனார். நான் தரத்தைக் கடைசியில்தான் தொடுவேன். அசலா என்பது முதல் கேள்வி. எந்த அச்சு என்பது அடுத்தது. தேய்மானம் அதற்குப் பிறகு. மேற்பரப்பின் நிலை எல்லாவற்றுக்கும் கடைசி. அச்சை முன்னால் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சில அச்சுகள் பிறவியிலேயே ஆழம் குறைந்தவை. சில உழைத்து ஓய்ந்தவை. அவற்றில் அடித்த காசில் முடி அலையோ இலை நரம்போ முதல் நாளிலிருந்தே மங்கல்தான். எந்த அச்சு என்று தெரியாமல் பார்த்தால் அந்த மங்கலைப் புழக்கத்தில் தேய்ந்தது என்று எடுத்துக்கொள்வோம். விளிம்புப் பற்கள் கூராக இருந்து நடுப்பகுதி மட்டும் மங்கியிருந்தால், அங்கே வில்லையின் பழைய குழிகள் நசுங்காமல் அப்படியே இருந்தால், அது அடி சரியாக விழாத இடம்.

முதலில் அந்தக் கேள்விக்குறி போட்ட 1799. ஷெல்டனின் முந்நூறு சொச்சம் எண்களைப் பார்க்காமல் தேதி வாரியாகச் சேர்ப்பவர்களுக்குக் கண்ணில் படாத தேதி இதுதான். 1799இல் நாணயச்சாலை அடித்ததில் பெரும்பாலானவை 1798 தேதியிட்ட பழைய அச்சுகளில் அடித்தவை என்பதால் 1799 என்று போட்டது மிகக் குறைவு. இரண்டே எண்கள்: 8இன் மேல் 9 அடித்த எஸ்-188, நேரடியாக 1799 என்றிருக்கும் எஸ்-189. கிடைத்தாலும் கறுத்துப் பொரிந்துதான் கிடைக்கும். இவ்வளவு விலை போகிற பொருளுக்கு, ஏராளமாகக் கிடைக்கிற 1798ஐ எடுத்துக் கடைசி 8ஐச் செதுக்கி 9 ஆக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது.

எடை 10.41 கிராம், அது சரி. விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். மின்பகுப்பில் செப்புத் தகடு படியவைத்து, இரண்டு ஓடுகளை ஒட்டி உள்ளே ஈயம் நிரப்பிச் செய்த நகல்களும் பழைய சேகரிப்புகளில் இருக்கும். அவற்றுக்கு விளிம்பில் ஒரு கோடு ஓடும், விரல்நுனியில் வைத்துச் சுண்டினால் ஓசை மொத்தென்று அடங்கும். இதற்குக் கோடு இல்லை. அடித்த காசுதான். பிறகு தேதிக்குப் போகாமல் முடிக்குப் போனேன். சுதந்திர தேவியின் பின்னங்கூந்தல் தோளுக்கு அருகே முடியும் இடத்தில், 1798இல் பாதிவழியில் ஒரு மாற்றம் செய்தார்கள். முந்தைய வகையில் இல்லாத ஒரு சிறு சுருள் பிந்தைய வகையில் கூடுதலாக இருக்கும். 1799 எல்லாமே பிந்தைய வகை. என் கையில் இருந்த காசில் அந்தச் சுருள் இல்லை. தேய்ந்து போயிருக்குமோ என்று வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன்; அந்த இடத்தில் புலம் (உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பு) சமமாகவே இருந்தது, அடியில் இருந்த முடிக்கற்றையின் முனை முழுசாகத் தெரிந்தது. அதற்கப்புறம் தேதியைப் பார்த்தால் 9இன் வயிற்றுக்குக் கீழே மட்டும் புலம் ஒரு மயிரிழை தாழ்ந்து, பக்கத்தில் உள்ள இடங்களில் இல்லாத ஒரு வழவழப்போடு இருந்தது. 1798 முந்தைய வகைத் தலை, தேதி திருத்தியது. பட்டியலில் கேள்விக்குறி போட்டவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

இதே போல 1804க்கும் திருத்தல்காரர்கள் உண்டு. அதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: அசலில் தேதியின் 0க்கு நேர் பின்னால், பூப் பக்கத்தில் 'ஆஃப்' என்ற சொல்லின் ஓ இருக்கும். இந்த லாட்டில் 1804 இல்லை, ஆனாலும் ஏலத்துக்குப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது.

1801தான் நான் வந்த காரணம். படத்தில் தலைப் பக்கம் மட்டும் காட்டியிருந்தார்கள். திருப்பியதும் சிரிப்பு வந்துவிட்டது. 'யுனைட்டட்' என்ற சொல்லின் யு எழுத்து இரண்டு ஐ எழுத்துகளை ஒட்டவைத்தது போல நின்றது. மாலையின் அடியில் இரண்டு தண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். அதற்குக் கீழே பின்னம் 1/100க்குப் பதில் 1/000. ஒரே அச்சில் மூன்று பிழை, எஸ்-219. சேகரிப்பாளர்கள் 'மூன்று பிழைக் காசு' என்றே சொல்வார்கள். ஓர் அச்சுக்காரர் மூன்று தவறையும் செய்து, அதைக் கடினப்படுத்தி, இயந்திரத்தில் மாட்டி, ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியும் ஒருவரும் நிறுத்தவில்லை என்பதை நினைத்தால் அந்தப் பட்டறையின் அவசரம் புரிகிறது. ஏலக்காரர்கள் இதைக் கவனிக்கவில்லை. அதே மேசையில் உட்கார்ந்திருந்த மற்றவர் கவனித்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, என் முகத்திலும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

1802 சீக்கிரம் முடிந்தது. மாலையில் தண்டே இல்லை. 1802இல் தண்டில்லாத மாலை எஸ்-231, எஸ்-241 என்ற இரண்டு எண்களில் வருகிறது. எழுத்துகள் எந்த இலைமுனைக்கு நேரே நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு வந்து வீட்டில் படங்களோடு ஒப்பிட்டு 241 என்று உறுதிசெய்தேன். 1807 தேதியில் 7க்குள் ஒரு 6இன் வளைவு கண்ணுக்கே தெரிந்தது. 1806 அச்சைத் தூக்கியெறியாமல் மேலே 7 அடித்திருக்கிறார்கள். பெரிய 7, கூர்முனை 1: எஸ்-273, சாதாரணமாகக் கிடைப்பது. சின்ன 7உம் மழுங்கிய 1உமாக இருந்தால் எஸ்-272. அதற்கு விலையே வேறு. 1814இல் பார்க்க வேண்டியது 4இன் குறுக்குக்கோடு மட்டுந்தான். நுனியில் சின்ன நிமிர்கோடு இருந்தால் 294, இல்லாவிட்டால் 295. இது 295.

இனித் தரம். இங்கேதான் பழைய செம்பு மற்ற நாணயங்களிலிருந்து பிரிந்து நிற்கிறது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 70 புள்ளி அளவுகோல் இந்தக் காசுகளுக்காகவே ஷெல்டன் போட்டது. மிக மோசமானதற்கு 1, குறையே இல்லாததற்கு 70. தர எண்ணை அந்த வகையின் அடிப்படை விலையால் பெருக்கினால் சந்தை விலை வந்துவிடும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு சில ஆண்டுகளிலேயே பொய்த்துப்போனது, எண் மட்டும் நின்றுவிட்டது. (ஷெல்டன் மேல் எனக்குப் பெரிய பக்தி இல்லை. நியூயார்க்கிலிருந்த அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து உயர்ந்த செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் தன்னுடைய தாழ்ந்தவற்றை வைத்தவர் அவர். 1977இல் அவர் இறந்த பிறகுதான் விஷயம் வெளியில் வந்து, கழகம் நீதிமன்றம் போய்க் காசுகளை மீட்க வேண்டியிருந்தது. தரம் பிரிக்கக் கற்றுக்கொடுத்தவர் அதே கண்ணால் பொறுக்கி எடுத்திருக்கிறார்.)

1967இல் தொடங்கிய ஏர்லி அமெரிக்கன் காப்பர்ஸ் சங்கத்தார், அதாவது இஏசி ஆட்கள், ஒரு காசுக்கு இரண்டு எண் போடுகிறார்கள். முதலில் கூர்மை: புழக்கத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது மட்டும். நெற்றி மேல் முடி, காது மேல் அலை, தோள், பின்பக்க இலைகளின் நரம்பு ஆகியவைதான் முதலில் தேயும். அலைகளில் பாதி தெரிந்தால் ஃபைன்-12, மூன்றில் இரண்டு பங்கு தெரிந்தால் விஎஃப்-20 (வெரி ஃபைன்) என்று தோராயமாகப் போகும். அதற்குப் பிறகு கழிவு: அரிப்பு, கீறல், விளிம்பு அடி, சுரண்டிய நிறம், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கழித்து நிகரத் தரம் சொல்வார்கள். கூடவே அந்தத் தரத்துக்குள் நிறமும் பளபளப்பும் எப்படி என்று 'சாய்ஸ்', 'ஆவரேஜ்', 'ஸ்கட்ஸி' என மூன்று சொற்களில் ஒன்று. கடைசிச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை, ஓசையே சொல்லிவிடும். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரச்சீட்டு ஒட்டித் தரும் நிறுவனங்கள் 1980களின் பாதியில் வந்தவை. அவற்றின் எண்ணும் சங்கத்தார் எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போகாது, சங்கத்தார் எண் தாழ்வாகத்தான் இருக்கும். பெட்டியில் விஎஃப்-25 என்றிருப்பதை அவர்கள் ஃபைன்-15 என்பார்கள். வாங்கும்போது நான் சங்கத்தார் பக்கம். விற்கும்போதும் அப்படியே இருந்தால்தான் நியாயம், அது பணத்துக்குக் கொஞ்சம் வலிக்கும்.

கழிவுக்கு வாய்பாடு கிடையாது. இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கேட்டுக் கேட்டு ஏமாறுகிறார்கள். கன்னத்தில் விழுந்த ஒரு கீறல், முடிக்குள் மறைந்த மூன்று கீறலைவிட அதிகம் கழிக்கும். பழைய, காசோடு சேர்ந்து பழுப்பேறிப்போன கீறல் குறைவாகக் கழிக்கும். புலம் முழுக்கப் பரவிய நுண்துளை, கூர்மையில் பாதியைத் தின்றுவிடும். என் வழி இது: இந்தக் காசைக் கொடுத்துவிட்டு, குறையே இல்லாத ஆனால் அதிகம் தேய்ந்த இன்னொன்றை மனம் கோணாமல் எடுத்துக்கொள்வேனா? எந்தத் தேய்மானத்தில் 'சரி, மாற்றிக்கொள்ளலாம்' என்று தோன்றுகிறதோ அதுதான் நிகரத் தரம்.

மேசையில் நான் குறித்துக்கொண்டது: 1801 கூர்மை விஎஃப்-25, பின்பக்கம் அழுக்கும் களிம்பும், அடியில் என்ன இருக்கிறதோ என்று சந்தேகம், நிகரம் ஃபைன்-12 என்று தற்காலிகமாக. 1802 விஜி-10 (வெரி குட்), கழிக்க ஒன்றுமில்லை. 1807 ஃபைன்-15, விளிம்பில் ஓர் அடி. 1814 கூர்மை ஃபைன்-15, கறுப்பு, முகம் முழுக்கப் புள்ளி அரிப்பு, நிகரம் ஜி-6 (குட்). 1808 முதல் 1814 வரையான காசுகள் இப்படித்தான் இருக்கும், அந்தக் காலத்து வில்லைச் செம்பின் தன்மை அப்படி என்று மூத்தவர்கள் சொல்வார்கள். 1799க்கு, தேய்ந்த 1798இன் விலை மட்டும்.

ஐந்து நிகரத் தரத்துக்கும் விலை போட்டுக் கூட்டி, வாங்குவோர் கட்டணம் 20 சதவீதத்தைக் கழித்தபோது என் உச்சவரம்பு 580 டாலர் வந்தது. மறுநாள் ஏலத்தில் 300 வரை நான்கைந்து கைகள் இருந்தன. அதற்குமேல் பார்வை மேசையில் இருந்தவரும் நானும் மட்டும். அவர் 520இல் நின்றுவிட்டார், 540க்கு என்னிடம் வந்தது, கட்டணத்தோடு 648. அவரும் பூப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் நடந்த வேலை பெரும்பாலும் காத்திருப்பதுதான். செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துச் செக்கச்செவேலென்று வைக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் காசில் அந்தப் பழுப்புதான் சொத்து. அமிலம் எதுவானாலும் இருநூறு வருடத்துப் பழுப்பை ஒரு நிமிடத்தில் கரைத்து ஆரோக்கியமில்லாத ஓர் இளஞ்சிவப்பை விட்டுவிடும். அப்படிப் போனதைக் கந்தகத்தால் மறுபடி நிறமேற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதே காட்டிக்கொடுக்கும். மேட்டில் ஒரு சாயல், பள்ளத்தில் ஒரு சாயல் என்று இருப்பதுதான் இயற்கையான பழுப்பு.

நான்கு காசுகளையும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் சைலீனில் போட்டேன். பெயிண்ட் கடையில் சைலால் என்று விற்பது. அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒட்டிய பசை எல்லாவற்றையும் கரைக்கும், செம்பைத் தொடாது. ஆனால் நாற்றமும் ஆவியும் மோசம். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், தீப்பொறி இல்லாத திறந்தவெளியில்தான் திறக்க வேண்டும்; சாதாரணப் பிளாஸ்டிக் குப்பியும் கையுறையும் அதில் தாங்காது. மூங்கில் இடுக்கியால் எடுத்து, பஞ்சுக்குச்சியை அதிலேயே நனைத்து, தேய்க்காமல் உருட்டினேன். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. கறுப்பது நின்றதும் நானும் நிறுத்தினேன். திருத்திய 1798ஐ இந்த வேலைக்கு முன்னால் சோதனைக் காசாகப் பயன்படுத்திப் பார்த்துக்கொண்டேன், அதற்காவது உதவியது.

களிம்பு சைலீனுக்கு அசையவில்லை. 1801இன் பின்பக்கத்தில் மாலைக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று இடத்தில் பச்சைப் பொருக்கு. சுத்தமான மினரல் ஆயிலில் ஊறவைத்தேன். ஆலிவ் எண்ணெய் போடுகிற பழைய வழக்கம் உண்டு. அதில் கொஞ்சம் அமிலம் இருக்கிறது என்பதால் நான் போடுவதில்லை. சில நாளைக்கு ஒருமுறை எடுத்து, லூப்பின் அடியில், ரோஜா முள்ளின் நுனியால் பொருக்கின் விளிம்பை மட்டும் நெம்பிப் பார்ப்பேன். முள் செம்பைவிட மென்மையானது, கீறாது. உலோக ஊசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளக் கூடாது, பொறுமை போகிற நேரத்தில் கை அதற்குத்தான் போகும். இரண்டு இடத்தில் பொருக்கு முழுசாக உதிர்ந்தது. அடியில் ஆழமில்லாத குழிகள், பரவாயில்லை. மூன்றாவது, மாலையின் வலப்பக்கத்து இலையை ஒட்டியது, பாதி வந்து பாதி நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டேன். இலையைப் பெயர்த்துக்கொண்டு வரும்போல இருந்தது.

பிறகு தூரிகை. நகைக்காரர்கள் பயன்படுத்தும் மிக மென்மையான முடித்தூரிகையால், காசு காய்ந்த பிறகு, எடையே கொடுக்காமல் வட்டவட்டமாக. வேலை மெதுவாகத்தான் தெரியும். மங்கியிருந்த 1802 கொஞ்சம் கொஞ்சமாக மெழுகு பூசிய மரம் மாதிரி ஒரு பளபளப்புக்கு வந்தது. செய்தது அழுக்கு நீக்கல் மட்டுமே, நிறம் அதன் சொந்த நிறம். கடைசியில் ஒரு துளி மினரல் ஆயிலைத் தொட்டு, துடைத்து, பஞ்சுத்துணி உள்ளுறை வைத்த காகித உறைகளில் போட்டேன். உறைப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம். இந்த ஊர்க் கோடையின் ஈரம் செம்புக்கு ஆகாது.

சுத்தம் செய்த பிறகு மறுபடி தரம் போட்டேன். 1801இன் பின்பக்கம் பயந்ததைவிட நன்றாக இருந்தது, ஆனால் அழுக்கு மூடியிருந்த கன்னத்தில் ஒரு பழைய கீறல் வெளிப்பட்டது. கூட்டிக் கழித்து அதே விஎஃப்-25, நிகரம் ஃபைன்-12, ஆவரேஜ். பக்கத்து ஊரில் செம்புக்காரர்கள் கூடும் இடத்துக்கு எடுத்துப்போய் என் எண்ணைச் சொல்லாமல் சுற்றில் விட்டேன். ஒருவர் ஃபைன்-15 என்றார். அவருக்குப் பின்பக்கத்து அச்சுதான் முக்கியம், கீறல் இருப்பது முன்பக்கம் என்று வாதம். இன்னொருவர், நாற்பது வருடமாக இதையே பார்ப்பவர், கன்னத்தைப் பார்த்ததுமே விஜி-10 என்று வைத்துவிட்டார். கூர்மையில் மூவரும் ஒரே எண்தான் சொன்னோம். சண்டை முழுக்கக் கழிவில். எண் ஒன்றை மட்டும் ஒட்டிப் பெட்டியில் அடைத்திருந்தால் இந்தச் சண்டைக்கு இடமே இருந்திருக்காது, வாங்குகிறவருக்குக் கீறல் எவ்வளவு என்பதும் தெரிந்திருக்காது. அதனால்தான் இதைத் தரச்சீட்டுக்கு அனுப்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுற்றில் எல்லாரும் கையில் அதிக நேரம் வைத்திருந்தது மூன்று பிழைக் காசை அல்ல, விஜி-10 தரத்து 1802ஐ. முடி அலை பாதிக்குமேல் போய்விட்டது, ஆனால் கீறல் இல்லை, குழி இல்லை, இரண்டு பக்கமும் ஒரே சாக்லேட் பழுப்பு. நாற்பது வருடக்காரர் அதை 'சாய்ஸ்' என்று சொல்லி விலை கேட்டார். கொடுக்கவில்லை. 1807இன் விளிம்பு அடிக்கு ஒரு படி இறக்கி ஃபைன்-12 என்பதில் யாருக்கும் மறுப்பில்லை.

திருத்திய 1798ஐ விற்பதாக இல்லை. உறையில் மட்டுமல்லாமல், உள்ளே மடித்துவைத்த சீட்டிலும் '1798, முந்தைய வகை முடி, கடைசி எண் செதுக்கியது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். உறை மாறினாலும் சீட்டு கூடப் போகும். 1814 அடுத்த சங்க ஏலத்துக்குப் போகிறது. கூர்மை ஃபைன்-15, நிகரம் ஜி-6, ஸ்கட்ஸி என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். 1801 இப்போது மறுபடி எண்ணெயில் கிடக்கிறது, அந்தப் பாதிப் பொருக்குக்காக.